கேட்டால்தான் சொல்வான்

ஹாஸ்கர் ஓடை, கென்டக்கி
1987 மார்ச் 9

நீதிபதி லெனோரா கோடில் அம்மா அவர்களுக்கு,

வெர்டி ஸ்டாம்பர் எழுதுகிறேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். நீங்கள் அதற்கு மேல் எங்கெங்கோ போய்ப் படித்தவர். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விஷயம் கேட்க வேண்டும், கேட்டுவிட்டு நிறுத்திவிடுவேன்.

ஜனாதிபதி உங்களைப் பெரிய கோர்ட்டுக்கு நீதிபதியாகப் போடப் போகிறார் என்று பேப்பரில் வந்ததை மேல் வீட்டு எஸ்டில் நோபிள் படித்துக் காட்டினார். அதற்காக அரசாங்கத்து ஆள் ஒருவர் வீடு வீடாகப் போய் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கிறாராம். வெள்ளிக்கிழமை என் வீட்டுக்கும் வந்தார். நான் இல்லை. விதை உருளைக்கிழங்கு வாங்க எஸ்டில் வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பி மேட்டிலிருந்து இறங்கி வரும்போது அவர் காரில் சாய்ந்துகொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஹன்லி என்று பேர். நகரத்துக்காரர். வேலியில் நின்று குரல் கொடுக்கத் தெரியாமல் வாசல் வரைக்கும் நேராக நடந்து வந்திருக்கிறார், காலடித் தடம் இருந்தது.

"மிஸஸ் ஸ்டாம்பர்தானேம்மா? உங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல. உங்க பையனே எல்லாம் சொல்லிட்டாரு" என்றார்.

"எந்தப் பையன்?"

"அந்தா, வேலிக்கு அந்தப் பக்கம், வால்நட் மரத்தடியில நின்னாரே. உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்னேன். இல்ல சார், இங்கயே நிக்கிறேன்னுட்டாரு. ரொம்ப மரியாதையான பையன்மா. நல்லா வளத்திருக்கீங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் மரம் மட்டும்தான் இருந்தது. என்ன போட்டிருந்தான் என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

"பழுப்புக் கோட்டு. கைதான் கொஞ்சம் கட்டை. மணிக்கட்டுக்கு மேலயே நின்னுடுச்சு" என்று தன் கையிலேயே தொட்டுக் காட்டினார்.

எனக்கு ஒரே பையன், ராய்ஸ். அவன் எங்கே இருக்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் அனுப்பினீர்கள். ஜெயிலுக்குப் போன இரண்டாவது குளிர்காலத்தில் நெஞ்சுச் சளியில் போய்விட்டான். இப்போது வீட்டுக்குப் பின்னால் மேட்டில் அவன் அப்பா பக்கத்தில் இருக்கிறான். அந்தப் பழுப்புக் கோட்டு எஸ்டிலுடையது. கோர்ட்டுக்கு வர நல்ல துணி இல்லை என்று ஒரு நாள் மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு உங்கள் முன்னால் நின்றான். அதற்கு முன்னாலும் அவன் அதைப் போட்டதில்லை, பின்னாலும் போட்டதில்லை.

உங்களுக்கு நல்ல வார்த்தை சொல்வதற்கு யாரையாவது ஏற்பாடு செய்தீர்களா? செய்திருந்தால் அது உங்கள் பாடு. அந்தக் கோட்டை ஏன் போட்டு அனுப்பினீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.

வெர்டி ஸ்டாம்பர்

*

கோலிஸ்வில்
1987 மார்ச் 16

அன்புள்ள வெர்டி,

என்னை அம்மா, அவர்கள் என்றெல்லாம் எழுதாதே. நாம் ஒரே பள்ளிப் பேருந்தில் ஒரே இருக்கையில் வந்தவர்கள். உன் சோள ரொட்டியில் பாதியைத் தினமும் நான்தான் தின்றேன். மேல் பாதியை, மொறுமொறுப்பான பக்கத்தை, எனக்குக் கொடுப்பாய்.

நான் யாரையும் அனுப்பவில்லை. நான் அப்படிச் செய்யக்கூடியவள் என்று நீ நினைத்தாய் என்பதே எனக்குப் பெரிய வருத்தம். யாரோ மனசாட்சி இல்லாதவர்கள் விளையாடியிருக்கிறார்கள். அந்த அதிகாரி ஒரே நாளில் பத்து வீடு ஏறி இறங்குகிறவர். வேறு வீட்டுப் பையனை உன் வீட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டிருக்கலாம். மலைப் பக்கத்தில் கை கட்டையான கோட்டுப் போட்ட பையன்களுக்கா பஞ்சம்?

அடுத்த மாதக் கடைசியில் வாஷிங்டனில் செனட் குழு முன்னால் நான் உட்கார வேண்டும். அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பிறகு செனட் ஓட்டுப் போடும். இருபத்திரண்டு வருடம் இந்த மலையில் வழக்கு நடத்தியும் விசாரித்தும் வந்ததற்கு இது ஒரே வாய்ப்பு. இந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை. இந்த நேரத்தில் எதுவும் வேறு விதமாகப் பரவாமல் இருக்க வேண்டும். உன்னிடம் இதைக் கேட்கக் கூசுகிறது, ஆனாலும் கேட்கிறேன்.

ராய்ஸின் வழக்கைப் பற்றி நான் எழுத்தில் எதுவும் சொல்லக் கூடாது. அவனுக்காக நான் வருந்தாத நாள் இல்லை என்பதை மட்டும் நம்பு.

உன்
லெனோரா

*

ஹாஸ்கர் ஓடை
1987 ஏப்ரல் 3

நீதிபதி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சோள ரொட்டி எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் என் பையனுக்குத் தண்டனை சொன்ன அன்றைக்கு உங்களுக்கு அது நினைவில் இல்லை.

நீங்கள் எழுத்தில் சொல்லக் கூடாது என்றால் நான் சொல்கிறேன். எனக்கு எந்தச் சட்டமும் தடையில்லை. கூட்டாளிகள் பெட்ரோல் நிலையத்தில் திருடப் போனபோது ராய்ஸ் காரை ஓட்டினான். அதை அவன் மறைக்கவில்லை. ஜாமீனில் இருந்தவன், எஸ்டில் டிரக்கில் என்னையும் ஏற்றிக்கொண்டு தானாகவே ஓட்டி வந்து உங்கள் கோர்ட்டில் நின்றான். தண்டனை சொல்வதற்கு முன்னால் நீங்கள் வக்கீலைப் பார்த்து, "உங்க தரப்புல இன்னும் ஏதாவது உண்டா?" என்று கேட்டீர்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லீங்கம்மா" என்றார். அதற்குள் ராய்ஸ் எழுந்துவிட்டான். வாயைத் திறந்துவிட்டான். நான் பின் வரிசையிலிருந்து அவன் பக்கவாட்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் தலை நிமிராமல் பேப்பரைப் பார்த்தபடியே ஏழு வருஷம் என்றீர்கள். திறந்த வாயோடேதான் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

நான் வெளியே வந்து டிரக் பக்கத்தில் நின்றேன். எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டத் தெரிந்தாலும் சாவி அவனிடம். கதவும் பூட்டியிருந்தது. அவனுக்கும் எனக்கும் கட்டிக்கொண்டு வந்த சாப்பாடு உள்ளே இருக்கையில் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. இருட்டும் வரைக்கும் நின்றேன். எஸ்டில்தான் தேடிக்கொண்டு வந்தார். பிறகு ஜெயிலிலிருந்து கோட்டைக் காகிதப் பையில் போட்டு அனுப்பினார்கள். சாவி அதில் இல்லை.

ஹன்லி கொடுத்துவிட்டுப் போன அட்டையில் இருந்த நம்பருக்கு ஃபோன் செய்தேன். அவன் என்ன சொன்னான், ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள் என்றேன்.

"நல்ல நீதிபதிதான் சார்னாரு. ஆனா என்னை இன்னும் கேக்கல, கேட்டா சொல்லிடுவேன், அதுக்குத்தான் நிக்கிறேன்னாரு. என்ன கேக்கணும்னேன். அது அவங்களுக்குத் தெரியும்னுட்டாரு. எனக்கும் ஒண்ணும் புரியலம்மா."

அவன் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு சார் என்றேன்.

"அப்போ நான் யாருகிட்டம்மா பேசினேன்?"

"அது தெரிஞ்சா உங்களுக்கு எதுக்கு சார் ஃபோன் பண்றேன்?"

பிறகுதான் அவர் எனக்கு எடுத்துச் சொன்னார். தண்டனை சொல்வதற்கு முன்னால் நீதிபதி அந்த ஆளையே நேராகப் பார்த்து, சொல்வதற்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க வேண்டுமாம். வக்கீலைக் கேட்டால் போதாதாம். எனக்கு இத்தனை நாளும் தெரியாது. நீங்கள் ஏதோ விட்டுவிட்டீர்கள் என்று அவன் முகத்திலிருந்து தெரிந்தது, அவ்வளவுதான்.

எஸ்டில் போய்த் தன் அலமாரியைத் திறந்து பார்த்தார். கோட்டு மாட்டின இடத்திலேயே இருந்தது. இரண்டு கையும் ஈரம். முந்தின நாள்தான் இங்கே மழை. "ஏ வெர்டி, அவன் எங்கோட்டப் போட்டுக்கிட்டுச் சுத்துறதுன்னா சுத்தட்டும். எஞ்சாவிய மட்டும் கொண்டாந்து குடுக்கச் சொல்லு. பூட்ட உடைச்ச காசுக்கு இன்னொரு டிரக்கே வாங்கியிருப்பேன்" என்றார். என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு, ராய்ஸ் உள்ள வாடா, ராய்ஸ் உள்ள வாடா என்று மரத்தைப் பார்த்துக் கூப்பிட்டேன். வரவில்லை. அவன் காத்துக்கொண்டிருப்பது என் வார்த்தைக்கு இல்லை.

வாஷிங்டனிலிருந்து ஒரு பெண் பேசினாள். நீங்கள் அந்தப் பதவிக்கு வருவது பிடிக்காதவர்கள் பக்கத்து ஆள் போலிருக்கிறது. நேரில் வந்து குழு முன்னால் இதைச் சொல்கிறீர்களா, போக வரச் செலவு நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வெர்டி ஸ்டாம்பர்

*

கோலிஸ்வில்
1987 ஏப்ரல் 8

வெர்டி,

உனக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் போ. தடுக்க மாட்டேன். தடுக்கும் உரிமையும் எனக்கு இல்லை.

இரண்டு மாவட்டத்துக்கும் நான் ஒருத்திதான் நீதிபதி. ராய்ஸின் வழக்கை வேறொருவருக்குத் தள்ளிவிட்டிருந்தால் சிநேகிதியின் பிள்ளை என்று பயந்துவிட்டாள் என்பார்கள். தண்டனையைக் குறைத்திருந்தால் அதற்கும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். வக்கீல் கட்சிக்காரருக்காகப் பேசுகிறவர். அவரைக் கேட்டது போதும் என்று மேல் கோர்ட்டில் வாதாட முடியும். வேறு நீதிபதிகளும் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை.

லெனோரா

பின்குறிப்பு: "கேட்டா சொல்லிடுவேன்" என்றா சொன்னான்? அதே வார்த்தையா?

*

ஹாஸ்கர் ஓடை
1987 மே 4

நீதிபதி அம்மா அவர்களுக்கு,

நான் போகவில்லை. அது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

உங்கள் மேல் இரக்கப்பட்டு இருந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். போவதற்குத் தயாராகத்தான் இருந்தேன். சர்ச்சுக்குப் போடுகிற உடுப்பைத் துவைத்து இஸ்திரி போட்டு நாற்காலியில் மாட்டியும் விட்டேன். பிறகு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒன்று தோன்றியது. நான் போய்ச் சொல்லி, உங்களுக்கு அந்தப் பதவி கிடைக்காமல் போய், இருக்கிற பதவியும் அவமானத்தில் போய்விட்டால், அவனை யார் கேட்பார்கள்? தாய் கேட்டால் அவன் சொல்ல மாட்டேன் என்கிறான். நீதிபதிதான் கேட்க வேண்டுமாம். நீங்கள் நீதிபதியாக இருந்தால்தான் அது முடியும். அதற்காக இருங்கள். வேறு எதற்காகவும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்து, சொல்ல ஒன்றும் இல்லை என்றேன். "பயமுறுத்துனாங்களாம்மா?" என்று கேட்டாள். "பயமுறுத்துற மாதிரி எங்கிட்ட இன்னும் என்ன மிச்சம் இருக்கு கண்ணு?" என்றேன்.

எஸ்டில் வீட்டு டெலிவிஷனில் உங்களைக் காட்டினார்கள், ஒரு நிமிஷம்தான். நீலச் சட்டை உங்களுக்கு நன்றாக இருந்தது. கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டீர்கள். வெள்ளைத் தலைக்காரர் ஒருவர் ஏதோ கேட்டார். நீங்கள் கையை மடித்து வைத்துக்கொண்டு, என் கோர்ட்டில் நிற்கிற ஒவ்வொருவரையும் முழுசாகக் கேட்பேன் என்று சொன்னீர்கள். அதைச் சொல்லும்போது உங்கள் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் முகம் தெரியவில்லை. உங்கள் தோள் மறைத்தது. கைகள் மட்டும் முட்டியின் மேல் இருந்தன. பழுப்புத் துணி மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்டது.

எஸ்டில் எழுந்து போய் டெலிவிஷனை அணைத்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் தெரியல. உனக்கு ஏதாவது தெரிஞ்சுதா?" என்றார். அப்புறம் தன் அலமாரிக் கதவுக்கு ஒரு கயிறு கட்டினார்.

வெர்டி ஸ்டாம்பர்

*

லெக்சிங்டன்
1987 அக்டோபர் 19

வெர்டி,

இத்தனை மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். எழுதினால் இதைத்தான் எழுத வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் எழுதாமல் இருந்தேன்.

செனட் ஓட்டுப் போட்டது. ஜனாதிபதி கையெழுத்துப் போட்ட நியமனப் பத்திரம் வந்தது, பெரிய தாள், முத்திரையோடு. கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ஆகஸ்டில் பதவியேற்பு. பைபிளில் கை வைத்து, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே நியாயம் செய்வேன் என்று சொன்னேன். அந்த உறுதிமொழியில் அப்படியே இருக்கிறது. என் அக்காள் மகள் அங்கி போட்டுவிட்டாள். எல்லோரும் கேக் தின்றார்கள். வாழ்நாள் பதவி, வெர்டி. தேர்தல் இல்லை, ஓய்வு வயது இல்லை. நானாகப் போனால்தான் உண்டு.

முதல் தண்டனை செப்டம்பரில். காசோலை மோசடி செய்த ஒரு நடுத்தர வயது ஆள். நான் பேப்பரைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்: "தண்டனை சொல்றதுக்கு முன்னாடி நீங்க ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?"

"உண்டும்மா" என்று பதில் வந்தது.

அந்த ஆள் வாயைத் திறக்கவே இல்லை. அவர் இன்னும் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். சின்னக் குரல். மலைப் பேச்சு. அறையின் பின்பக்கம், கதவுக்கு அருகிலிருந்து வந்தது. அங்கே ஒருவரும் இல்லை.

பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்கிற டுவைட் கையைத் தூக்கினார். "மன்னிக்கணும்மா, இப்பப் பேசினது யாரு? பேர் வேணும்." அவர் காதிலும் விழுந்திருக்கிறது. நான் தண்ணீர் குடித்தேன். அதை விட்டுடுங்க டுவைட் என்றேன். "பேசினத எழுதாம விட எனக்கு அதிகாரமில்லம்மா" என்றார். அவர் முப்பது வருடமாக அந்த வேலையில் இருப்பவர்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இப்படித்தான். நான் கேட்டு முடித்ததும், எதிரே நிற்கிறவர் மூச்சு இழுப்பதற்குள், கதவுப் பக்கமிருந்து "உண்டும்மா." அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. யார் அங்கே என்று கேட்டேன், பதில் இல்லை. காவலரை நிறுத்திப் பார்த்தேன். அவர் மறுநாள், அந்த இடம் ஈரமாக இருக்கிறது, கால் வைக்க முடியவில்லை என்று வேறு வேலை கேட்டு வந்தார். போன வாரம் டுவைட் மாற்றல் கேட்டார். "பயமில்லம்மா. அந்தப் பையன் அடுத்தது என்ன சொல்லப் போறான்னு ஒவ்வொரு தடவையும் விரல வச்சுக்கிட்டுக் காத்திருக்கேன். சொல்ல மாட்டேங்கறான். என்னால தாங்க முடியல" என்றார்.

கேட்காமல் தண்டனை சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்டால் அவன் வருகிறான். நீ உன் பிள்ளையை அறிந்தவள். நான் என்ன செய்ய வேண்டும்?

லெனோரா

*

ஹாஸ்கர் ஓடை
1987 அக்டோபர் 26

லெனோரா,

இனி நீங்கள் என்று எழுத வரவில்லை. நீ என்றே எழுதுகிறேன்.

இந்த ஓடையில் பிறந்தவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே. படித்துப் படித்து மறந்துவிட்டாயா? இங்கே யாரும் யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டார்கள். வேலிக்கு வெளியே நின்று "வீட்டுல யாரு?" என்று குரல் கொடுப்பார்கள். உள்ளே இருப்பவர் யாரென்று பார்த்து, பேர் சொல்லி, வா என்றால்தான் கேட்டைத் தொடுவார்கள். உன் அப்பா எங்கள் வேலியில் மழையில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. என் அம்மா மாடியில் இருந்தாள், காதில் விழவில்லை. கேட்டுக்குத் தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. ஆனாலும் நின்றார்.

ராய்ஸை நான் அப்படித்தான் வளர்த்தேன். அரசாங்கத்து ஆளுக்கே தெரிந்துவிட்டதே, மரியாதையான பையன் என்று.

நீ அங்கே யாருடைய பேரையோ சொல்லிக் கேட்கிறாய். அவன் வாசலில் நின்று குரல் கொடுக்கிறான். நீ அவன் பேரைச் சொல்லவில்லை. பிறகு எப்படி உள்ளே வருவான்? யார் அங்கே என்று கேட்டாயாம். அது வழிப்போக்கனைக் கேட்கிற கேள்வி.

பெரிய கோர்ட்டில் வேண்டாம். அது அவனுடைய இடம் இல்லை, வேறு ஆட்களின் முறை அங்கே நடக்கிறது. நம் ஊர்க் கோர்ட்டுக்கே வா. அதே மேஜை, அதே நாற்காலி. நீ உன் இடத்தில் உட்கார். அவன் பேரை முழுசாகச் சொல்லிக் கேள். பேப்பர் எதுவும் கையில் வைத்துக்கொள்ளாதே.

நான் வர மாட்டேன். எனக்கு அந்த இடத்தில் நிற்க இனி முடியாது. அதுவும் போக, அவன் என் எதிரே சொல்வானோ சொல்ல மாட்டானோ. நீ கேட்டு எழுது. என்ன சொன்னாலும் எழுது. என்னைத் திட்டியிருந்தாலும் எழுது. நாலு வருஷமாக ஒவ்வொரு நாளும் அந்தத் திறந்த வாய்க்குள் நானாக ஒரு வார்த்தை வைத்துப் பார்க்கிறேன். ஒன்றும் பொருந்தவில்லை.

வெர்டி

*

கோலிஸ்வில்
1987 நவம்பர் 7, சனிக்கிழமை

வெர்டி,

இங்கேயே, பழைய கோர்ட்டுப் படிக்கட்டுக்கு எதிரே காரில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டுக்குப் போய் எழுதினால் வக்கீல் மாதிரி எழுதிவிடுவேன்.

மத்தியானம் வந்தேன். காவலாளி கதவைத் திறந்துவிட்டு, "லீவு நாள்ல யாருமே இல்லாத கோர்ட்டுல என்னம்மா பண்ணப் போறீங்க?" என்றார். ஒரு வேலை பாக்கி என்றேன். "பெரிய கோர்ட்டுக்குப் போயும் இந்த நாற்காலிய விட மனசில்ல போல" என்று சிரித்துக்கொண்டே வெளியே போய்ப் புகைக்க உட்கார்ந்தார்.

ஜன்னல் வழியாக நல்ல வெயில். நான் என் இடத்தில் உட்கார்ந்து, கைகளை மேஜை மேல் வைத்துக்கொண்டேன். எனக்கு இங்கே இப்போது எந்த அதிகாரமும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் சொன்னேன்.

"ராய்ஸ் ஆல்வின் ஸ்டாம்பர், தண்டனை சொல்றதுக்கு முன்னாடி நீ ஏதாவது சொல்ல விரும்புறியா?"

"உண்டும்மா."

இந்தத் தடவை கதவுப் பக்கமிருந்து இல்லை. நாற்காலி பின்னால் தள்ளப்படுகிற சத்தம் கேட்டது. எதிர் மேஜைக்குப் பின்னால் எழுந்து நின்றான். வெயில் அந்த மேஜை மேல் விழுந்தது, அவன் மேல் விழவில்லை. இரண்டு கையிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் முகத்தைப் பார்த்தேன், வெர்டி. அன்றைக்கு ஏன் பார்க்கவில்லை என்று அப்போது தெரிந்தது. உன் முகம் அது. பேருந்தில் எனக்கு ரொட்டியைப் பிட்டுக் கொடுத்த அதே முகம்.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தது மாதிரி சொன்னான்.

"காரை ஓட்டினது நான்தாம்மா. அதுக்கு எத்தன வருஷம் குடுக்குறீங்களோ குடுங்க, அதுல சொல்ல ஒண்ணுமில்ல. டிரக்குச் சாவி எங்கோட்டுப் பையில இருக்கு. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. காலையிலேர்ந்து சாப்பிடவும் இல்ல. சாப்பாட்ட உள்ள வச்சு நான் பூட்டிட்டேன். சாவிய அவங்க கையில குடுத்துட்டு, ஜெயில் வண்டி வர்ற வரைக்கும் அவங்க பக்கத்துல உக்காந்துக்கட்டுமா? அவ்வளவுதாம்மா."

வெர்டி, அவ்வளவுதான். நான்கு வருடம் நின்றது இதற்கு. கேட்டிருந்தால் கால் நிமிஷ வேலை.

என் வாயில் வந்தது எப்போதும் வருகிற வார்த்தைதான். "அனுமதிக்கிறேன்" என்றேன்.

"ரொம்ப நன்றிம்மா" என்றான். நாற்காலியை மேஜைக்குள் ஒழுங்காகத் தள்ளி வைத்தான். நடந்து போனான். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

தண்டனையை நான் சொல்லவில்லை. சொல்ல மறந்துவிட்டேனா, வேண்டாம் என்று விட்டேனா, தெரியவில்லை.

நான் வெளியே வந்ததும் காவலாளி கேட்டார்: "யாரும்மா அந்தப் பையன்? இந்தக் குளிர்ல கை கட்டையாக் கோட்டுப் போட்டுக்கிட்டு ஓடையப் பாத்து ஓடுறான். அவன் உள்ள போனத நான் பாக்கவே இல்லியே."

எழுது, வெர்டி. அங்கே வந்தானா?

லெனோரா

*

ஹாஸ்கர் ஓடை
1987 நவம்பர் 12

லெனோரா,

வந்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் அடுப்பில் பீன்ஸ் வெந்துகொண்டிருந்தது. வேலியிலிருந்து "வீட்டுல யாரும்மா?" என்று குரல். நான் கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். "ராய்ஸா, உள்ள வாடா" என்றேன். வேலிக் கேட்டைத் திறக்கிற சத்தம் வந்தது. எத்தனை நாள் திறந்தே வைத்திருந்தேன், அன்றைக்கென்று மூடியிருந்தேன் பார்.

மேஜை மேல் சாவியை வைத்தான். பிறகு எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். அவ்வளவுதான் செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்டில் வந்தார். அவருக்கு நாற்காலி காலியாகத்தான் தெரிந்தது. சாவி தெரிந்தது. எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவர் நாய் கடித்த பல் தடம் அதன் தோல் வாரில் இருந்தது. "எஞ்சாவிதான் வெர்டி. டிரக்க வித்தே ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார். இருந்த இடத்திலேயே மெதுவாக வைத்துவிட்டார். போகும்போது தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்த நாற்காலியைப் பார்த்து, "கோட்ட நீயே வச்சுக்கடா. எனக்கு இப்ப அது பத்துறதில்ல" என்றார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தாராம். அலமாரியில் கயிறு கட்டினபடியே இருந்ததாம், கோட்டு இல்லையாம்.

நீ நினைத்து வைத்திருக்கிற மாதிரி அவன் பேசுவதில்லை. சாப்பிடுவதில்லை. தட்டு வைக்கிறேன், ஆறிப்போகிறது. கை மட்டும் காயவே மாட்டேன் என்கிறது. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை நகர்த்தியும் தரை ஈரமாகிறது. துடைத்துவிடுகிறேன். அது எனக்கு ஒரு வேலை இல்லை. நான் இதை எழுதும்போதும் எதிரே உட்கார்ந்து என் பேனாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். வாய் மூடியிருக்கிறது, லெனோரா. நன்றாக மூடியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒரே ஒரு பயம்தான். கீழே ரோட்டில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறான். கோட்டைச் சரி செய்துகொள்கிறான். நிலக்கரி லாரியோ, தபால் வண்டியோ, பள்ளிப் பேருந்தோ, எது என்றாலும். அது தாண்டிப் போகும் வரைக்கும் நின்றுவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்காருகிறான். நேற்று மட்டும் ஒரே ஒரு வார்த்தை கேட்டான். "எப்பம்மா வரும்?" என்றான். எனக்குத் தெரியாதுடா, அவங்கதான் சொல்லணும் என்றேன்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜெயில் வண்டி வருகிற வரைக்கும் என்று அவன் கேட்டிருக்கிறான். நீ சரி என்றிருக்கிறாய். எப்போது என்று அவனும் கேட்கவில்லை, நீயும் சொல்லவில்லை. நேரம் போடாத உத்தரவு. இனியும் போடாதே. தண்டனை பாக்கி இருக்கிறது என்று திரும்ப அந்தக் கோர்ட்டுக்குப் போகாதே. என் வீட்டுப் பக்கம் காரில் வராதே. பார்க்க வேண்டும் என்றால் பாலத்திலேயே இறங்கி நடந்து வா. வேலியில் நின்று குரல் கொடு, பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். சோள ரொட்டி இருக்கும்.

உனக்கு அந்த நாற்காலியை ஆயுசுக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே. எனக்கு இந்த நாற்காலி.

வண்டியை அனுப்பாதே, லெனோரா.

வெர்டி